தொட்டிலக்காவும் சும்மா டீச்சரும்

தொட்டிலக்காவுக்கும் பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சம்பள நாளில் கையெழுத்துப் போடும்போதுதான் அது அவளுக்கே ஞாபகம் வரும். மற்ற நேரமெல்லாம் அவள் தொட்டிலக்கா. தையல் கம்பெனியின் பின்பக்கம், துணி வெட்டும் கூடத்துக்கும் இஸ்திரி செக்‌ஷனுக்கும் நடுவில், தைக்க வரும் பெண்களின் கைக்குழந்தைகளுக்கென்று ஒரு அறை உண்டு. இரண்டு வரிசை இரும்புத் தொட்டில், சுவரோரம் பால் பாட்டில் கொதிக்க வைக்கும் அடுப்பு, உத்தரத்தில் கிரீச்சிடும் ஒரு மின்விசிறி. அந்த அறை அவளுடைய ராஜ்ஜியம்.

அவள் வீட்டில் நாலு பெண்கள், இவள் கடைக்குட்டி. மூத்தவளுக்கு முதல் பிரசவத்திலேயே இரட்டை பிறந்தது. ஒன்றை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று இவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். இரட்டை இரண்டும் நடக்க ஆரம்பித்தபோது இரண்டாமவளுக்குப் பையன். அவன் இடுப்பைவிட்டு இறங்கினான், மூன்றாமவளின் மகள் ஏறினாள். கல்யாணமாகிப் போன வீட்டில் கொழுந்தன் பிள்ளைகள், பிறகு நாத்தனாரின் மகள். இத்தனைக்கும் நடுவில் தன் வயிற்றில் பிறந்த ஒரே மகன் எப்போது வளர்ந்தான் என்பது அவளுக்குச் சரியாகத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது அவன் மீசை வைத்து லாரி ஓட்டப் போயிருந்தான்.

ஆனால் கம்பெனியில் அவளுக்கு இருந்த பெயர் வேறு யாருக்கும் கிடையாது. மற்ற இடங்களில் குழந்தைகள் அறை என்றால் காது கிழியும். இவள் அறையில் மின்விசிறியின் கிரீச்சுதான் கேட்கும். கம்பெனியைப் பார்க்க யார் வந்தாலும் மேனேஜர் இங்கே கூட்டிவந்து கதவை மெல்லத் திறப்பார்.

"கேட்டுப் பாருங்க. ஒண்ணும் கேக்கலையில்ல? அதான் எங்க தொட்டிலக்கா!"

அந்த அமைதிக்குக் காரணம் ஒரு சுருட்டுத்துணி. வெட்டும் கூடத்தில் மிஞ்சும் துண்டுகளை இறுக்கிச் சுருட்டித் தைத்து, குழந்தையின் கன்னத்தருகே வைத்து, அதன்மேல் பாட்டிலைச் சாய்த்துவிடுவாள். ஒரே சமயத்தில் எல்லாத் தொட்டிலிலும் பால் இறங்கும். கண்டுபிடித்தவள் அவளேதான். இரண்டே ஆட்களை வைத்துக்கொண்டு அத்தனை பிள்ளைகளையும் சமாளித்தது அதனால்தான்.

இன்னொரு ஆள் அவள் நாத்தனார். புருஷனின் தங்கை. வாயை மூடாதவள் என்பதால் கம்பெனியே அவளை ரேடியோ என்று கூப்பிடும். கட்டியவன் தவறிப் போனபின் வீட்டில் முடங்கிக் கிடந்தவளைத் தொட்டிலக்காதான் சிபாரிசு பண்ணி இங்கே சேர்த்துவிட்டாள். அந்த ரேடியோதான் ஒரு காலையில் சேதியோடு வந்தாள்.

"அண்ணி, நமக்கெல்லாம் பயிற்சி குடுக்கப் போறாங்களாம். கைக்குழந்தைங்க மனநலப் பயிற்சி."

"என்ன நலம்?"

"மனநலம். மனசு."

தொட்டிலக்கா கையிலிருந்த குழந்தையின் வாயைத் துடைத்தபடி சொன்னாள். "இதுக்கு இன்னும் பல்லே முளைக்கல. அதுக்குள்ள மனசு முளைச்சுடுச்சா?"

ரேடியோ சிரித்து முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சிரிக்கிறதுக்கில்ல அண்ணி. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்பெனிக்கும் இப்படித்தான் ஒரு டீச்சரை அனுப்பினாங்களாம். அவங்க போன கையோட அங்க இருந்த ஆயாம்மாவை இஸ்திரி செக்‌ஷனுக்குத் தள்ளிட்டாங்களாம்."

நீராவி முகத்திலடிக்க நாள் முழுக்க நின்றபடி இஸ்திரி போடும் பெண்களின் புலம்பலைத் தொட்டிலக்கா சுவருக்கு இந்தப் பக்கமிருந்து தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அங்கே போய் நிற்க முழங்காலில் தெம்பில்லை என்பது ஒரு பக்கம். இடுப்பில் பிள்ளையில்லாமல் தான் யார் என்று அவளுக்குத் தெரியாது என்பது இன்னொரு பக்கம்.

சந்தேகம் அவளோடு கூடப் பிறந்த குணம் வேறு. பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்பாள். சிரிக்காவிட்டால், நிறையக் கலந்துவிட்டார், அதான் முகம் கொடுக்க முடியவில்லை என்பாள்.

டீச்சர் வந்தாள். நடுவயது, நரை ஓடிய தலை, தோளில் ஒரு துணிப்பை. வந்தவள் முதல் நாள் இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கொஞ்சம் பேசினாள். பேச்சு வருவதற்கு முன்பே குழந்தை கண்ணாலும் கையாலும் பேசும் என்றாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் சில குழந்தைகள் கூப்பிடுவதையே விட்டுவிடும் என்றாள். தொட்டிலக்கா தலையை ஆட்டிக்கொண்டே டீச்சரின் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் என்ன இருக்கிறது என்ற யோசனையில் ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் ஏறியது. டீச்சர் சுருட்டுத்துணியைக் கையில் எடுத்து, "இதை மட்டும் இன்னையோட நிறுத்திடுவோம்மா. புரையேறிட்டா ஆபத்து. மடியில வச்சுக் குடுங்க" என்று சொன்னது.

'என் வேலைக்கு முதல் ஆப்பை அடிச்சுட்டா' என்று தொட்டிலக்கா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். டீச்சர் இருக்கும்போது சுருட்டுத்துணியெல்லாம் அலமாரிக்குள் போனது. அவள் தலை மறைந்ததும் வெளியே வந்தது.

அதற்கப்புறம் டீச்சர் ஒன்றுமே செய்யவில்லை. அதுதான் பெரிய சங்கடம். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏதாவதொரு தொட்டிலுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாள். குழந்தையைத் தூக்கமாட்டாள், கொஞ்சமாட்டாள். 'சும்மா டீச்சர்' என்று ரேடியோதான் பெயர் வைத்தாள்.

"என்னதான் பண்றா?" என்றாள் தொட்டிலக்கா, பாட்டில் கழுவும் சாக்கில்.

"உளவு பாக்கிறா அண்ணி."

"எதையாவது எழுதிக்கிட்டாலாவது பரவாயில்ல. போனப்புறம் என்ன எழுதினான்னு எடுத்துப் பாத்துடலாம். இவ எழுதவே மாட்டேங்கிறாளே!"

"மனசுல எழுதிக்கிறா."

"பல்லு முளைச்ச மனசு" என்றாள் தொட்டிலக்கா.

டீச்சர் அதிகமாகப் போய் உட்கார்ந்தது குட்டிச்சாமியார் பக்கத்தில். சட்டைக்குக் காலர் தைக்கும் பெண்ணின் மகன் அவன். இன்னும் உட்காரப் பழகாத குழந்தை. அந்த அறையிலேயே அவனைப்போல் சமர்த்து கிடையாது. ஈரமானால் அழமாட்டான், பசித்தால் அழமாட்டான், அம்மா விட்டுவிட்டுப் போனாலும் மின்விசிறியைப் பார்த்தபடி தவம் இருப்பான். அதனால்தான் அந்தப் பெயர். மேனேஜர் கூட்டிவரும் ஆட்களுக்குத் தொட்டிலக்கா முதலில் காட்டுவது இவனைத்தான்.

ஒரு நாள் இடைவேளையில் காலர்ப் பெண் பால் கொடுக்க வந்தபோது டீச்சர் அவளிடம் ஏதோ கேட்டாள். அவள் போனதும் ரேடியோ ஓடிவந்தாள்.

"வீட்டிலயும் இப்படித்தான் அழாம இருப்பானான்னு கேட்டா அண்ணி. நல்லாத் தூங்குறானா, டாக்டர்கிட்ட காட்டினீங்களான்னு கேட்டா. காது கேக்குதான்னு வேற!"

"அவ என்ன சொன்னா?"

"டாக்டர் எல்லாம் சரியா இருக்குன்னுட்டாராம். மாமியார்கூட, இப்படி ஒரு நல்ல பிள்ளையைப் பாத்ததில்லன்னு சொல்றாங்களாம்."

தொட்டிலக்காவுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது, அதாவது விளங்கிவிட்டதாக நினைத்தாள். 'தூக்க மருந்து குடுக்கிறேன்னு சந்தேகப்படுறா!' சத்தமில்லாத பிள்ளைக்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? சில இடங்களில் இருமல் மருந்தை ஊற்றிப் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறார்கள் என்று அவளே கேள்விப்பட்டிருக்கிறாள்.

தான் ஊற்றவில்லை. அது அவளுக்குத் தெரியும். அப்படியானால்?

சந்தேகம் ஒரு இடத்தில் நிற்குமா? திரும்பி ரேடியோவைப் பார்த்தது. இந்த நாத்தனார் ஏன் தினமும் அந்த டீச்சருக்கு டீ வாங்கி வருகிறாள்? சாமியாருக்கு மத்தியானப் பால் கொடுப்பது யார்? தன்னை இஸ்திரிக்குத் தள்ளிவிட்டால் இந்த அறை யார் கைக்கு வரும்?

அன்றைக்கு ரேடியோ தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் தொட்டிலக்கா அவள் பையைத் திறந்து கையை விட்டாள். சீப்பு, சாவிக்கொத்து, ஒரு சின்ன பாட்டில். மூடியைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"தலைவலித் தைலம் அண்ணி. வேணும்னா நெத்தியில தேச்சுக்குங்க."

தொட்டிலக்கா பாட்டிலை மூடினாள். "சும்மா பாத்தேன்."

"சும்மா பாக்க நீங்க என்ன டீச்சரா? என்ன தேடுனீங்க?"

"நீ அந்தச் சாமியாருக்குப் பால்ல ஏதாவது கலக்குறியா? உண்மையைச் சொல்லு."

ரேடியோ பிடித்துவந்த தண்ணீரை டப்பென்று கீழே வைத்தாள். பிறகு அணை உடைந்தது. "என் பொண்ணை வளர்த்ததே நீங்கதான். என்னைப் பாத்தா உங்களுக்கு அப்படியா தோணுது? உங்க சந்தேகத்துக்கு ஒரு எல்லையே கிடையாதா? எங்கண்ணன் எப்படித்தான் உங்களோட குடும்பம் நடத்துறாரோ, பாவம் மனுஷன்!"

"அண்ணன் பேச்சை எடுக்காத."

"நீங்க பையை எடுக்கலாம், நான் பேச்சை எடுக்கக்கூடாதா?"

இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து டீச்சர் உள்ளே வந்து, "நாளைக்கு ஆளுக்கொரு குழந்தைக்குப் பால் குடுங்க. நான் போன்ல வீடியோ எடுக்கிறேன். அப்புறம் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பாப்போம்" என்றாள்.

வீடியோ! மாட்டிவிட இதைவிட வழி வேண்டுமா? ஆனாலும் சும்மா தோற்பவள் அல்ல தொட்டிலக்கா. மறுநாள் சீக்கிரமே வந்து தரையைத் தேய்த்துக் கழுவினாள். தொட்டில் கம்பியெல்லாம் துடைத்தாள். எந்தக் குழந்தை என்று டீச்சர் கேட்டபோது, கொஞ்சமும் யோசிக்காமல் குட்டிச்சாமியாரைத் தூக்கிக்கொண்டாள். அழமாட்டான், துப்பமாட்டான், காலை உதைத்து மானத்தை வாங்கமாட்டான். அவனுக்குப் பவுடர் போட்டு, தலை வாரி, துவைத்த சட்டை மாட்டி, மடியில் வைத்துப் பாட்டிலைப் பிடித்தாள். டீச்சர் எதிர்மூலையில் முக்காலியில் உட்கார்ந்து போனைத் தூக்கினாள். தொட்டிலக்கா அவளையே, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். கொஞ்சம் அசைந்தாலும் எங்கே பார்க்கிறாள், எதைப் பிடிக்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை.

வீடியோ பார்க்க இடம் கிடைத்தது நூல்கண்டு அடுக்கிவைக்கும் அறையில். மேனேஜரும் வந்து கதவோரம் நின்றார். அவர் வந்ததே தொட்டிலக்காவுக்குத் தீர்ப்புச் சொல்ல வந்ததுபோல் இருந்தது. ரேடியோ ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள், இன்னும் பேச்சு வார்த்தை இல்லை.

ரேடியோவின் படத்துக்குப் பிறகு தொட்டிலக்காவின் படம் ஓடி முடிந்தது. டீச்சர் கேட்டாள். "என்ன பாத்தீங்க?"

"கை சுத்தமா இருக்கு. சட்டை சுத்தமா இருக்கு. பால் சிந்தல" என்றாள் தொட்டிலக்கா, மேனேஜர் காதில் விழும்படி.

"ஆமா. அழகாப் பிடிச்சிருக்கீங்க, கழுத்து கொஞ்சம்கூடத் தொங்கல. இன்னொரு தடவை பாப்போமா? இந்தத் தடவை குழந்தையை மட்டும்."

மறுபடியும் ஓட்டினாள். தொட்டிலக்கா வேண்டாவெறுப்பாகக் குழந்தையைப் பார்த்தாள். சாமியார் பாலை உறிஞ்சிக்கொண்டே கண்ணை மேலே தூக்கினான். தன்னைப் பிடித்திருப்பவளின் முகத்தைத் தேடினான். முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. உறிஞ்சுவதை நிறுத்தினான். சின்னக் கை ஒன்று எழும்பி அவள் தாடைக்குக் கிட்டே போய்க் காற்றில் நின்றது. விரல்கள் விரிந்து மூடின. முகம் திரும்பவில்லை. கை இறங்கியது. அவள் எங்கே பார்க்கிறாளோ அங்கே அவனும் ஒருமுறை பார்த்தான். திரும்பவும் அவள் முகத்துக்கு வந்தான், புருவத்தைத் தூக்கினான், உதட்டைக் குவித்தான். அப்புறம் கண்ணை மின்விசிறிக்குக் கொண்டுபோய் அங்கேயே வைத்துக்கொண்டான். பால் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

ரேடியோதான் முதலில் பேசினாள். சண்டை மறந்து போயிருந்தது. "அண்ணி, அவன் உங்களைக் கூப்பிடுறான்."

"கூப்பிடலையே. சத்தமே வரலையே." சொல்லும்போதே, முதல் நாள் காதில் ஏறாதது இப்போது ஏறியது. டீச்சரைப் பார்த்து, கோபமாகவே கேட்டாள். "நீங்க என்னைப் பிடிக்கத்தானே எடுத்தீங்க? அதான் உங்களையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நான் உங்களைப் பாக்கலம்மா. அவனைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"பால்ல மருந்து கலக்கிறேன்னு நீங்க நினைக்கல?"

டீச்சர் உண்மையிலேயே திகைத்துப் போனாள். "ஐயய்யோ! இல்லம்மா. நான்தான் முதல்லயே வாய்விட்டுச் சொல்லியிருக்கணும். யாருகிட்டயும் எதையும் கேக்காம இருக்கிறானேன்னுதான் கவலை. காலையில ஒரு ஆளு, மத்தியானம் ஒரு ஆளு, பாட்டிலுக்கு ஒரு துணி. யாரைக் கூப்பிடுறதுன்னு அவனுக்குத் தெரியல. யாராவது ஒருத்தர் அவனுக்குன்னு இருந்தா மறுபடியும் கூப்பிடுவான். கை தூக்குறானே, பாத்தீங்கல்ல?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "இப்ப இவங்க பாஸா ஃபெயிலா?"

"பாஸ் ஃபெயில் எல்லாம் இதுல இல்ல சார்."

"அப்புறம் எதுக்குப் பயிற்சி?" என்று சந்தேகமாகக் கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

பயிற்சி முடிந்து டீச்சர் கிளம்பிப் போனாள். மறுநாள் தொட்டிலக்கா அலமாரியைத் திறந்து சுருட்டுத்துணியையெல்லாம் வாரிக்கொண்டுபோய் வெட்டும் கூடத்துக் குப்பையில் போட்டாள். மடியில் வைத்துப் பால் கொடுத்தால் ஒரே நேரத்தில் எல்லாருக்கும் முடியாது. காத்திருந்த பிள்ளைகள் கத்தின. ரேடியோ ஒன்றைத் தோளிலும் ஒன்றை மடியிலும் வைத்துக்கொண்டு வியர்த்தாள். சாமியார் இனிமேல் தன் கையை விட்டுப் போகக்கூடாது என்று தொட்டிலக்கா சொல்லிவிட்டாள். அவனைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக் கூப்பிட்டாள்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்தப் பக்கம் போய்க் கூப்பிட்டாள். இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். தொட்டிலக்காவுக்கு அந்தத் திருப்பல் நன்றாகத் தெரிந்த திருப்பல். 'இத்தனை நாள் இல்லாம இப்ப எதுக்கு வந்து குழையுறே?' என்று கேட்பது. பால்காரர் சிரித்தால் அவளே செய்வது.

"இவனுக்கு என்மேல சந்தேகம்" என்றாள் ரேடியோவிடம்.

"யார்கிட்ட வளர்ந்த பிள்ளை!" என்றாள் ரேடியோ.

வேறு வழி தெரியாமல் தொட்டிலக்கா முக்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தாள். பால் கொடுக்கும்போது அவன் முகத்தையே பார்த்தாள். கூப்பிடவில்லை, கிச்சுகிச்சு மூட்டவில்லை. அவன் பார்த்தால் பார்த்தாள். அவன் திருப்பிக்கொண்டால் காத்திருந்தாள். இப்படியே பல நாள் போனது. ஒரு மத்தியானம் அந்தச் சின்னக் கை எழுந்து வந்து அவள் தாடையைப் பிடித்தது. அவள் மூச்சைக்கூட மெல்ல விட்டாள்.

அதற்கடுத்த வாரம் காலர்ப் பெண் இடைவேளை முடிந்து அவனை இறக்கிவிட்டுக் கதவுக்குப் போனாள். பின்னால் ஒரு அலறல் கேட்டது. யாரோ என்று திரும்பினாள். சாமியார்! முகம் சிவந்து, தொண்டை தெரிய வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தான். ஓடிவந்து வாரி எடுத்தவள் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள், தொடையைப் பார்த்தாள்.

"என்ன பண்ணீங்கக்கா என் பிள்ளையை? கிள்ளினீங்களா? இத்தனை நாள் சமர்த்தா இருந்தானே!"

"யாரும் கிள்ளல. நீ போறது அவனுக்குப் பிடிக்கல. அதைச் சொல்றான்."

"அப்ப இத்தனை நாளும் பிடிச்சிருந்துச்சா?"

தொட்டிலக்கா அவன் சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள். "இல்லம்மா. சொல்லிப் பிரயோஜனமில்லன்னு இருந்திருக்கான்" என்றாள்.

காலர்ப் பெண் பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பினாளா என்று சொல்ல முடியாது. மணி அடித்துவிட்டதால் அவனைத் தொட்டிலக்கா மடியில் வைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவன் இன்னும் வேகமாகக் கத்தினான். அதைக் கேட்டு மற்றதுகளும் சேர்ந்துகொண்டன.

சத்தம் வெட்டும் கூடம் தாண்டிப் போயிருக்க வேண்டும். கதவு திறந்தது. மேனேஜர். அவருக்குப் பின்னால் கம்பெனியைப் பார்க்க வந்த இரண்டு பேர்.

"என்ன தொட்டிலக்கா இது! அறையா சந்தையா? இப்படியே போனா நான் வேற ஆளைத்தான் போட வேண்டியிருக்கும்."

நீராவி, இஸ்திரி மேஜை, முழங்கால் எல்லாம் ஒரு கணம் தொட்டிலக்காவின் கண்முன் வந்து போனது. சாமியார் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான். அவள் கதவுப் பக்கம் திரும்பவில்லை.

"சார், கோவிச்சுக்காதீங்க. இப்ப என்னால உங்களைப் பாக்க முடியாது. ஒருத்தரோட பேசிக்கிட்டிருக்கேன்."

ரேடியோ தோளிலிருந்த குழந்தையின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், சிரிப்பா பயமா தெரியவில்லை. வந்த இரண்டு பேரில் ஒருவர், "ரெண்டே ரெண்டு பேரா இத்தனை பிள்ளைங்களுக்கு?" என்று கேட்டது காதில் விழுந்தது. மேனேஜர் என்ன பதில் சொன்னார் என்பது சத்தத்தில் கேட்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

வாரம் பிறந்ததும் இஸ்திரி செக்‌ஷனிலிருந்து ஒருத்தி வந்து வாசலில் நின்றாள். கையெல்லாம் சூட்டுத் தழும்பு.

"மேனேஜர் அனுப்பினார்."

"எனக்குப் பதிலாவா?" என்றாள் தொட்டிலக்கா.

"இல்லக்கா, ஒத்தாசைக்குன்னு சொன்னார்."

"ஒத்தாசைக்குன்னுதான் சொல்லுவாங்க." தொட்டிலக்கா அவளைத் தலை முதல் கால்வரை பார்த்தாள். பிறகு முக்காலியைக் காலால் தள்ளிவிட்டு, ஓரத்துத் தொட்டிலைக் கண்ணால் காட்டினாள். "அதுகிட்டப் போய்ச் சும்மா உக்காரு. தூக்காத. முதல்ல அது உன்னைப் பாக்கட்டும்."

வந்தவள் ரேடியோவைப் பார்த்தாள், சும்மா உட்காரச் சொல்வதில் ஏதாவது வம்பு இருக்குமோ என்று.